மையித்தைக் குளிப்பாட்டிய விரல்

லெஸ்டரில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் இரத்தம் பட்ட விரிப்புகளைப் பிரித்தெடுப்பது என் வேலை. இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, நமக்கு எவ்வளவு ஆபத்து என்று விசாரிப்பதற்கே சம்பளத்துக்கு ஒருத்தி வருவது. அலிசன் என்று பெயர். போன செவ்வாய் வந்து, "உன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு உன் கை ஒரு நாளில் எத்தனை தடவை போகிறது?" என்றாள். இப்படியும் ஒரு கேள்வியா! முன்பு இரத்தத்தில் கைபட்டதுண்டா என்றும் கேட்டாள். இலங்கையில், கற்பிட்டியில் லாத்தாவோடு, அதாவது என் மூத்த சகோதரியோடு, இறந்துபோன பெண்களின் மையித்துகளை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டியதைச் சொன்னேன். "பிணவறை ஊழியர்" என்று கணினியில் தட்டினாள். கூலி கிடையாது, நன்மைக்குச் செய்வது என்றேன். அதை அழித்துவிட்டு, "தொண்டர், பயிற்சி இல்லை" என்று மாற்றினாள். பயிற்சி இல்லையாம்! லாத்தா அந்த இடத்தில் இருந்திருந்தால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பாள்.

லாத்தாவிடம் நான் படித்தது பெரிய படிப்பு. சுற்றிவரத் துணி கட்டி, கையில் துணி சுற்றி, உயிருள்ள உடம்புக்குப் பார்ப்பதுபோல் சூடு பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த உடம்பில் கண்ட வடு, புண், எதையும் வெளியே சொல்லக் கூடாது. ஒரு தடவை நான் வீட்டில் வாய் தவறியபோது லாத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அலிசன் வந்துபோன இரண்டாம் நாள் லாத்தா அழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மையித்தின் கையில், பிளாஸ்டருக்கு அடியில் ஊசி இருந்திருக்கிறது. அது துணியைத் துளைத்து லாத்தாவின் விரலில் ஏறிவிட்டது.

"டொக்டர்ட்ட சொன்னியா?"

"ஓம், கெளுத்தி மீன் முள்ளு குத்தினதெண்டு சொன்னன். முள்ளுக் குத்தினாப் போடுற ஏற்பூசியப் போட்டு அனுப்பிட்டாங்க."

"உனக்கென்ன பைத்தியமா லாத்தா? ஊசி குத்தினதெண்டு சொல்லு. யார்ட மையித்தெண்டு சொல்லத் தேவல்ல."

"இந்தக் கிழமை ஒரே ஒரு மையித்துதானே புள்ள. ஊசியெண்டா பேர் சொன்ன மாதிரித்தான். நாளைக்கு அவட குமரு மகளுக்கு எந்த மாப்புள வருவான்?"

"அவ எந்த நோயில மௌத்தானா?"

"அதைக் கேக்காத புள்ள" என்று லாத்தா அழைப்பை வைத்துவிட்டாள். நோயாளிக்கு ஏற்றிய ஊசி குத்தினால் எய்ட்ஸ் கிருமிக்கு எதிராக மூன்று நாளைக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்று எங்கள் வேலைத்தளச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. குத்தி ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

லாத்தாவின் பக்கத்து வீட்டில் இருக்கும் நானாவுக்கு அழைத்து, லாத்தாவை உடனே புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். ஊசி குத்திய விஷயத்தையும் சொன்னேன். என் சொந்த அண்ணன், லாத்தாவின் விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யார்ட மையித்து?"

"எனக்குத் தெரியா நானா." உண்மையிலேயே தெரியாது. ஆனால் பின்னால் நின்ற மதினி அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து நானாவின் குரல் செய்தி வந்தது. "எவ்வளவோ கெஞ்சிப் பாத்தன். வர மாட்டனெண்டுறா. ஊரே அந்த மையித்து வீட்டைத்தான் கதைக்குது."

மூன்று நாள் கெடு முடிந்துவிட்டது. லாத்தா என் அழைப்பை எடுப்பதில்லை. இங்கே அலிசனிடம் சொன்னால் சரியாகத்தான் அறிவித்தாய் என்பாள். அங்கே நான் ஒரு மையித்தைக் காட்டிக்கொடுத்தவள். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்ததும் லாத்தாவின் இரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். அந்தக் குமருக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்றும் கேட்கிறேன். எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் தலையைத் தூக்க நேரமாகிவிடுகிறது.