நல்ல காலுக்கு மூணு, கெட்ட காலுக்கு நாலு

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பழவேற்காடு ஏரிக்கரையில் படகு எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதற்கு முன்னால் எஞ்சின் நின்றுபோனால் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செத்துப்போன எஞ்சின் ஒன்றை வாங்கி, கோணிச்சாக்கில் ஒவ்வொன்றாகப் பரப்பி, கழற்றிய வரிசையிலேயே திருப்பி மாட்டினேன். மூன்றாம் நாள் அது இருமிக்கொண்டு எழுந்தது. ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பட்டறை இன்று தளம் போட்ட கட்டடம். சொந்தமாக இரண்டு ஃபைபர் படகு. எங்கள் குப்பத்தில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிய முதல் அப்பன் நான். புயல் தெருவையே வழித்துக்கொண்டு போன வருஷம் நின்ற ஒரே கூரை என் கூரை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஆஸ்பத்திரி நடைவழியில் என்னைப் பற்றி மாட்டியிருக்கும் பலகையில் "படிப்பறிவில்லாத மீனவர் ஒருவர்" என்று இருக்கிறது. பெயர் இல்லை. ஒருவராம்.

என் பெயர் ஏழுமலை. பக்கவாதம் வந்தவர்களும், அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வலது கை இன்னும் சரியாகவில்லை. இடது கையால் எழுதினேன். என் மகள் சுமதி பிழை திருத்தினாள். எழுத்துப் பிழை மட்டும்தான்.

அன்றைக்குக் காலையில் பட்டறையில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு கேசட் உண்டு. பூநாரைகளைப் படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரின் படகு நடு ஏரியில் நின்றுவிட்டது. நான் போய் ஓட வைத்தேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் பையிலிருந்த கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிஷம். முப்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் ஸ்பேனர் பிடித்திருக்கிறேன். வலது கை தானாக மேசையில் தாளம் போடும்.

அன்று தாளம் சேரவில்லை. டேப்தான் இழுக்கிறது என்று நினைத்தேன். பழைய கேசட் இழுக்கும். பெட்டியைத் திறந்து, ஹெட்டைப் பஞ்சால் துடைத்து, ரப்பர் பெல்ட்டை மாற்றி, மறுபடி போட்டேன். அப்போதும் சேரவில்லை. டேப்பைத் திட்டினேன். திட்டும்போது வாய் குழறியது. பக்கத்தில் இருந்த என் மனைவி கன்னியம்மா, "இன்னாய்யா, காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

பாட்டு தவறவில்லை. என் கைதான் தவறியது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எஞ்சின் எங்கே கோளாறு என்று காதால் சொல்கிறவன் நான். என் கோளாறை டேப்பில் தேடினேன். படிக்கிறவர்களே, கை குழம்பினால், வாய் கோணினால், டேப்பைத் துடைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள்தான் போட முடியுமாம். பட்டறையில் வீணான நேரம் போக, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எனக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது.

டாக்டர் 'ஸ்ட்ரோக்' என்றார் (மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது). எனக்குத் தெரிந்தது டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக். எத்தனை என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. மூளையின் இடது பக்கம் அடிபட்டதால் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பேச்சு போனதை 'அஃபேசியா' என்றார்கள் (சொல் மனசில் இருக்கும், வாய்க்கு வந்து சேராது).

பதினோராம் நாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா வந்தார். பேச முடியாதவர்களுக்கும் சில நேரம் பாட்டு வருமாம், பாட்டு மூளையின் மறு பக்கத்திலும் இருக்கிறதாம். நல்ல விஷயம்தான். ஆனால் குழந்தையிடம் சொல்வதுபோல், "தாத்தா, பாடு. பாடு பாக்கலாம்," என்று கை தட்டினார்.

நான் முழு பலத்தையும் கூட்டி, "வ... வடக்கு," என்றேன்.

பதினோரு நாளில் என் முதல் சொல் அது. அந்த அம்மா உதட்டைப் பிதுக்கி, ஃபைலில் எழுதினார். கன்னியம்மா விடவில்லை.

"ஏம்மா, இன்னா எழுதற? அவுரு கரீட்டாத்தான் சொல்றாரு. எங்க ஏரில மீன் புடிக்கிற எடத்துக்குப் பேரே பாடுதான். சீட்டுக் குலுக்கிப் போட்டதுல எங்களுக்கு வடக்குப் பாடு வந்துகீது. நீ பாடுன்ன, அவுரு எந்தப் பாடுனு சொல்லிட்டாரு."

அவர் சிரித்தார். "அப்படியா!" என்றார். எழுதியதை அடிக்கவில்லை. "சொல்வது நோயாளிக்குப் புரியவில்லை" என்று என் ஃபைலில் இன்னமும் இருக்கிறது. யாருக்கு எது புரியவில்லை?

பிறகு ஒரு தாள் கொண்டுவந்தார்கள். பிடித்த பாட்டு என்று தலைப்பு. மூன்று கட்டம்: சாமி பாட்டு, சினிமா பாட்டு, கர்நாடக சங்கீதம். நான் இடது கையால் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் டிக் அடித்தேன். சுமதி கேசட்டை போனில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"நைனா, இதுக்கு புரோக்ரெசிவ் ராக்னு பேரு. இந்த மாதிரி நெறைய இருக்குது," என்று இன்னும் நாற்பது பாட்டை இறக்கிக் கொடுத்தாள். படுத்த படுக்கையில் எல்லாவற்றையும் கேட்டேன். நல்லவை இருந்தன, சும்மா விரல் வித்தை காட்டுகிறவையும் இருந்தன. என் ஆயுசுக்கு ஒரே பாட்டு என்றால் என் கேசட் பாட்டுதான். பழகிய பாசத்தில் சொல்லவில்லை. காரணம் உண்டு.

ஒன்று, அது அவசரப்படாது. ஆர்கன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சோக் இழுத்த எஞ்சின் சூடாகிற மாதிரி. அப்புறம்தான் டிரம் வரும். ஒன்பதாம் நிமிஷத்தில் எல்லா வாத்தியமும் டக்கென்று நின்றுவிடும். முதல் தடவை கேட்டபோது டேப் அறுந்ததென்றே எழுந்து போனேன். அறுந்திருக்கவில்லை. வாசிக்கிறவர்கள் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். மறுபடி எல்லோரும் ஒரே அடியில் இறங்குவார்கள், ஒருவர் பிந்த மாட்டார். பேச்சு நின்றுபோன நாட்களில் அந்த இடத்தை மட்டும் கை காட்டித் திரும்பத் திரும்பப் போட வைத்தேன். சத்தம் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. இது என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கே புரியவில்லை. என் தலைக்கு மேலேயே என் படகை யார் ஓட்டுவது என்று பேசினார்கள்.

இரண்டாவது காரணம் பெரியது. அது ஏழு எண்ணிக்கைப் பாட்டு. மூணும் நாலும். சினிமாப் பாட்டு பெரும்பாலும் நாலு நாலாகப் போகும். இது நொண்டும். நொண்டிக்கொண்டே நிற்காமல் ஓடும்.

அந்தப் பாட்டோடு ஒருநாள் முனகிக்கொண்டிருந்தபோது, வாயிலிருந்து எண்கள் வந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சுமதி அழுதாள். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.

பிசியோதெரபி (உடற்பயிற்சி வைத்தியம்) கொடுக்கிற தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் அவருக்கு "ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு" தவிர வேறு தெரியாது. இரண்டு காலுக்கும் ஒரே அளவு நேரம்தான் என்று கை தட்டுவார். இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாம் தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தேன். போனைக் காட்டி, பாட்டைப் போடச் சொன்னேன்.

"பெரியவரே, இது பாட்டா, ஜெனரேட்டரா?" என்றார்.

"ஜெனரேட்டர்... நாலு. இது ஏழு," என்றேன்.

ஏரிச் சேற்றில் நடந்தவனுக்குத் தெரியும். புதைந்த காலைப் பிடுங்க ஒரு நேரம், கெட்டித் தரையில் இருக்கிற காலைத் தூக்க ஒரு நேரம். இரண்டும் ஒன்றாகாது. ஒன்றாக்கப் பார்த்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். என் வலது கால் இப்போது சேற்றில் இருக்கிற கால். அதற்கு நாலு கொடுத்தேன். இடது காலுக்கு மூணு. அந்த நடைவழியை, பிடிமானம் இல்லாமல், கோடி வரை நடந்தேன். தம்பி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் போனில் படம் பிடித்தார். "இன்னொரு தடவை நடங்க ஐயா," என்றார். நடந்தேன்.

ஆறு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனபோது அதே நடைவழியில் பலகை. "எங்கள் மருத்துவக் குழு உருவாக்கிய ஏழு எண்ணிக்கை நடைப் பயிற்சி." டாக்டர் படம், தம்பி படம். நடுவில் என் படம். இடுப்புக்குக் கீழே மட்டும். கட்டம் போட்ட லுங்கியும் இரண்டு காலும். லுங்கி என்னுடையது, கால் என்னுடையது. தலை மட்டும் அவர்களுடையதாம்.

டாக்டர் அறைக்குள் போனேன். உட்காரவில்லை.

"அந்த ஏழு யாரு கண்டுபுடிச்சது சார்?"

"ஐயா, நோயாளி பேரை வெளியே போடக் கூடாதுன்னு விதி இருக்கு. உங்க நல்லதுக்குத்தான்."

"நானே போடுங்கிறேனே."

"அதுக்கு ஒரு ஃபார்ம் இருக்கு."

"குடுங்க."

தேடினார். அன்றைக்கு இல்லையாம். வெளியே வந்ததும், கூட வந்திருந்த கன்னியம்மா, "வுடுய்யா, நடக்கறியே, அது போதாதா?" என்றாள். போதாது. அவள் கருவாட்டை இன்னொருத்தி தன் கருவாடு என்று விற்றால் சும்மா இருப்பாளா? கேட்டேன். 

இதைப் படிக்கிற நோயாளிக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் எண்ணிக்கை ஏழாக இல்லாமல் இருக்கலாம். ஐந்தாக இருக்கலாம். மருந்தை நிறுத்தாதீர்கள், பயிற்சியை விடாதீர்கள், ஆனால் உங்கள் காலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்பு வீட்டிலிருந்து படகுத்துறைக்கு ஐந்து நிமிஷம். இப்போது அரைப் பாட்டு. வாத்தியங்கள் நிற்கிற இடத்தில் கோயில் முனை வரும். அங்கே நானும் நிற்பேன், உள்ளே எண்ணிக்கொண்டு. அவர்கள் இறங்கும்போது நானும் இறங்குவேன். போன வாரம் யார் கையையும் பிடிக்காமல் படகில் ஏறினேன். கெட்ட காலை முதலில் வைத்தேன். நாலு எண்ணினேன். படகு ஆடியது, நான் ஆடவில்லை.

அந்தப் பாட்டை வாசித்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதம் உப்புத் தண்ணீரில் கரைந்துவிட்டது. சுமதி போனில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் அவர்கள் பெயரைப் போட்டிருப்பேன், என் பெயருக்கு முன்னால்.

டாக்டர், உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. என் பெயர் உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஏழுமலை. உப்புத் தண்ணீர் படவில்லை. எடுத்துப் பலகையில் எழுதுங்கள். படத்தில் தலையையும் சேர்த்துப் போடுங்கள்.