அப்பா மாற்றிய தாழ்ப்பாள்

அப்பா மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மெக்கானிக். ஒரு பழைய ரக ஜெட் விமானங்களின் இருக்கை, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் அவர் பொறுப்பு. பத்து வருஷம் அவற்றைப் பழுதுபார்த்தவர் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. எழுபதுகளில் அந்த ரக விமானங்களுக்கு ஓய்வு கொடுக்க முடிவானபோது, ஊழியர் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு மேலே அரை மணி நேரம் சுற்றிக்காட்டினார்கள்.

குரோம்பேட்டையிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். ஜன்னலோர இருக்கை அப்பாவுக்கு. பெல்ட்டைக் கழற்றலாம் என்றதுமே, “பாத்ரூம் தாழ்ப்பாள் போன வாரம்தான் மாத்தினேன். பார்த்துட்டு வந்துடறேன்” என்று எழுந்து போனார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பணிப்பெண் இழுத்தார், அப்பாவின் சிநேகிதர்கள் இழுத்தார்கள். கதவு அசையவில்லை.

அம்மா கதவருகே போய் நின்றாள். “ஏங்க, பல்லாவரம் மலை தெரியுதாம். உங்க சீட்ல நான் உக்காந்துக்கட்டுமா?”

“உக்காரு” என்றார் அப்பா.

தரையிறங்கிய பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் வந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த அப்பா, மறுநாளே தாழ்ப்பாளைப் பற்றி முறைப்படி புகார் எழுதிக் கொடுத்தார். “விமானம் ஓய்வு பெற்றுவிட்டது. பழுதுபார்க்க அவசியமில்லை” என்று மேலதிகாரி அதன்மேல் எழுதித் திருப்பி அனுப்பினாராம். அப்பா எங்களிடம் அதைச் சொல்லவில்லை. சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்.