தி போட வேண்டிய இடம்

ராயபுரத்தில் துறைமுக வேலியை ஒட்டியிருந்த ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். சுதந்திரம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பெண் பிள்ளையை ஆபீஸுக்கு அனுப்புவதா என்று முகம் சுளித்த சொந்தக்காரர்களிடம், "அவ படிச்ச இங்கிலீஷுக்குக் கடையில கருப்பட்டி நிறுக்கச் சொல்லுதீயளா?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கருப்பட்டியும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்தவர். அவர் பேச்சை எடுத்தெறிய யாருக்கும் துணிச்சல் கிடையாது.

சேர்ந்த முதல் வாரமே என் மானம் கப்பலேறியது. நான் அடித்த கடிதமெல்லாம் மேனேஜரின் சிவப்புப் பென்சில் பட்டுத் திரும்பி வந்தது. ஸ்பெல்லிங்கில் ஒரு பிழை கிடையாது. எல்லாம் இங்கிலீஷ் சொல்லுக்கு முன்னால் போடும் இந்த 'தி' (the) படுத்திய பாடு. பள்ளிக்கூடத்தில் 'தி' என்றால் 'அந்த' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கப்பல், அந்தப் பெட்டி என்று தமிழில் நினைத்துப் பார்த்துப் போட்டேன். போட்ட இடத்தில் அடித்திருந்தார், போடாத இடத்தில் எழுதியிருந்தார். அடுத்த நாள் கோபத்தில் கறிவேப்பிலை தூவுவதுபோல எல்லாச் சொல்லுக்கு முன்னாலும் ஒன்று தூவினேன். அன்றைக்குக் காகிதமே சிவந்து வந்தது.

பக்கத்து மேஜையில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண் இருந்தாள். என் வயசுதான். அவள் அப்பா ரயில்வேயில் வேலை. வீட்டில் இங்கிலீஷும் தெருவில் அசல் ராயபுரத் தமிழும் பேசுவாள். அவள் எப்படித் தப்பில்லாமல் போடுகிறாள் என்று கேட்டேன். அவளுக்கும் காரணம் தெரியவில்லை. கப்பல் பேருக்கு முன்னால் தி உண்டாம், ஊர் பேருக்குக் கிடையாதாம். வங்காள விரிகுடாவுக்கு உண்டாம், அதன் கரையில் இருக்கும் மெட்ராஸுக்குக் கிடையாதாம். கடலுக்குக் காட்டும் மரியாதையை எங்கள் ஊருக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று சண்டைக்குப் போனேன். அவள் சிரித்தாள்.

உச்சரிப்பு இன்னும் மோசம். நான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 'தி' என்று அழுத்திச் சொல்வேன். அவள் ஷிப்புக்கு முன்னால் 'த' என்று வாய்க்குள்ளேயே முடித்துவிடுவாள். உயிரெழுத்தில் ஆரம்பிக்கும் ஆங்கருக்கு முன்னால் மட்டும் 'தி' என்று நீட்டுவாள். அந்தத் தகரமும் நம் தகரம் இல்லை. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே வைத்துக் காற்றை விட வேண்டும். டிபன் வேளையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் நாக்கைக் காட்டிக்கொள்வோம். ஒருமுறை என் வாயிலிருந்த இட்லி அவள் கவுன்மேல் தெறித்தது. அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்த மேனேஜர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

வழி பிறந்தது வீட்டில்தான். ஒரு சாயங்காலம் அம்மா கூடத்தில் நின்று, "அவுக வந்தாச்சா?" என்று கேட்டாள். அம்மா ஒரு நாளும் அப்பா பேரைச் சொன்னதில்லை. ஆனால் எந்த அவுக என்று வீட்டில் யாரும் திருப்பிக் கேட்டதும் இல்லை. எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் எது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் தி போட வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் சொன்னபோது என் சிநேகிதி கைகொட்டிச் சிரித்தாள். அன்று முதல் எங்கள் அப்பா ஆபீஸ் பக்கம் வந்தால், தி வந்தாச்சு என்று எனக்கு ரகசியமாகச் சேதி சொல்வாள். சிவப்புப் பென்சிலுக்கு வேலை குறைய ஆரம்பித்தது.

ஆபீஸ் வாசலில் ஒரு மீன்கார அம்மாள் கூடை வைத்து விற்பாள். காசிமேட்டுக் குப்பத்துக்காரி, முப்பது வயசு இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் என் சிநேகிதி அவளிடம் மீன் வாங்குவாள், நானும் வாங்குவேன். பேரம் பேசினால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். அவள் புருஷன் சின்னக் கட்டுமரத்தில் தனியாகத் தூண்டில் போடப் போகிறவன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் திடீரென்று காற்று புரண்டு அடித்தது. கடலுக்குப் போன மரமெல்லாம் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்துவிட்டன, அவனுடையது மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் எங்கள் கப்பல் ஒன்றிலிருந்து ஒயர்லெஸ் சேதி வந்தது. இடம் கிடைக்கும்வரை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம், நேற்று கடலில் ஒரு மீனவரைத் தூக்கியிருக்கிறோம் என்று இருந்தது. இங்கிலீஷில் 'எ ஃபிஷர்மேன்'. யாரோ ஒருவர். எண்ணூரோ, பழவேற்காடோ, நெல்லூர்க் கரையோ, எந்தக் குப்பத்து ஆளாகவும் இருக்கலாம். அந்த 'எ' என்ற ஒற்றை எழுத்து எனக்கு அன்றைக்குப் பிடிக்கவே இல்லை.

சேதி எப்படித்தான் வாசலுக்குப் போனதோ, மீன்கார அம்மாள் வெறும் கூடையோடு உள்ளே வந்து நின்றாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. துறைமுக டாக்டர் கப்பலுக்குப் போய்ப் பார்க்காமல் தூக்கிய ஆளை இறக்க முடியாது, அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் போலீஸுக்கு விவரம் தர வேண்டும் என்று மேனேஜர் அவளிடம் புருஷன் பேரைக் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். மாட்டேன் என்று தலையசைத்தாள். மறுபடி கேட்டேன்.

"கடல்ல கீற மனுசன் பேரைக் கரைல நின்னுகினு நான் சொல்லலாமா பாப்பா?" என்றாள். "சொன்னா அவுருக்கு ஆகாது."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பேர் தெரியாமல் என்ன செய்வது என்று அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. எங்கள் அம்மாவை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். குப்பத்தில் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கப்பலின் ஆபீசர் ஒருவர் லாஞ்ச் படகில் கரைக்கு வந்து கையெழுத்து வாங்க உள்ளே நுழைந்தார். சிவந்த முகம், நல்ல உயரம், பார்த்தாலே சிரிக்கத் தோன்றும் மீசை.

தூக்கிய ஆளைப் பற்றி விசாரித்தோம். ஆள் நலம், நன்றாகத் தூங்குகிறார், ஆனால் அவர் பேசும் ஒரு வார்த்தைகூடக் கப்பலில் யாருக்கும் புரியவில்லை என்றார். உயரமா குட்டையா என்றால் நடுத்தரம் என்றார். கறுப்பா என்றால் ஆமாம் என்றார். கரையில் இருக்கிற எல்லா ஆம்பளைகளுக்கும் அது பொருந்தும். மீன்கார அம்மாள் எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். கப்பலின் சமையல்காரர் வங்காளி. காப்பாற்றிய விருந்தாளிக்கு மரியாதை செய்வதற்காக மீன் குழம்பில் பெரிய தலையாக எடுத்து அவர் தட்டில் வைத்திருக்கிறார். இந்த ஆள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தலையை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டாராம். அடுத்த வேளையும் அப்படியே. சமையல்காரருக்குத் தாங்க முடியாத வருத்தம். பிடிக்கவில்லையா என்று ஜாடையில் கேட்டால், கரையைக் கையால் காட்டி, கழுத்தில் தாலி மாதிரி விரலால் வரைந்து காட்டுகிறாராம்.

இதை நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. மீன்கார அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுருதான்," என்றாள். "கண்ணாலம் ஆன நாளா மீன்தலையை எனக்குத்தான் எடுத்து வெப்பாரு. குப்பமே கேலி பண்ணும்."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அன்றைக்கு என் நாக்கு பல்லுக்கு நடுவே போனதா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். குனிந்து அவளைப் பார்த்து, "ஸோ ஷீ இஸ் த லேடி," என்றார். நேற்று முதல் அந்தக் கப்பலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெண்ணாக அவள் இருந்திருக்கிறாள். மீன்தலைக்கு உரியவள். அவர் எந்தப் பேரையும் கேட்கவில்லை. என் சிநேகிதி டைப்ரைட்டர்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எனக்கு மட்டும் சந்தோஷத்தில் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் லாஞ்ச் வரும் படித்துறையில் நின்றோம். பெண்கள் அங்கே போகக்கூடாது என்று தடுத்த காவலாளியிடம் மேனேஜர் பேரைச் சொல்லி நானே சண்டை போட்டு வழி வாங்கினேன். லாஞ்ச் வந்தது. யாரோ கொடுத்த தொளதொள கால்சட்டையும் கப்பல் பனியனும் போட்டுக்கொண்டு அவன் இறங்கினான். கையில் துணி சுற்றிய எனாமல் கிண்ணம். இறங்கியதும் அதை அவளிடம் நீட்டினான்.

அவள் துணியை அவிழ்த்தாள். குழம்போடு மூன்று மீன்தலை. கப்பலின் ஐஸ் அறையில் பத்திரமாக வைத்து, வரும்போது சமையல்காரரே சுட வைத்துக் கட்டிக் கொடுத்தாராம். அவள் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னா எண்ணெய் ஊத்திக்கீறான், இப்டி நாறுது?"

"கடுகெண்ணெய் போலக்கீது," என்றான் அவன். "துன்னுமே. நல்லாத்தான் கீது."

கூலி ஆட்கள், காவலாளி, லாஞ்ச்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து தலையை உடைத்துத் தின்ன ஆரம்பித்தாள். கண்ணீர் வழிந்து கிண்ணத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை. அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூன்றாவது தலையையும் அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.