உப்பில்லாத லெந்து

கர்த்தருக்குள் அன்பானவர்களே, 1952ஆம் வருடம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து எனும் உபவாச நாட்களின் மூன்றாம் வாரம், என் மனைவி எஸ்தர் என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டாள். மணமாகிப் பதினோரு வருடம். நாக்கு குழறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு முனியம்மா என்னைத் தெருவில் மடக்கினாள். "இன்னாண்ணே, அண்ணி காத்தாலயே தள்ளாடிகினு கீது? ஊரெல்லாம் மதுவிலக்கு, அதுக்கு மட்டும் எங்க கெடைச்சுது?" சிரித்தவள், தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எஸ்தருக்குச் சிறு வயது முதல் வலிப்பு. நரம்பை அமர்த்தும் புரோமைடு மருந்துதான் அதை அடக்கி வைத்திருந்தது. அளவை மாற்றவே இல்லை. அதனால் மருந்தைச் சந்தேகிக்காமல், புத்திதான் பேதலித்துவிட்டது என்றார்கள் உறவினர்கள். திங்கட்கிழமை பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக முடிவாயிற்று. நான் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அற்புதம் கேட்கவில்லை. காரணத்தை மட்டும் காட்டும்."

சனிக்கிழமை அவளை டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான். எதையும் நாள் போட்டுக் குறிப்பேன். எஸ்தரின் நிலையையும் குறித்திருந்த நோட்டை நீட்டினேன். டாக்டரின் விரல் ஒரு வரியில் நின்றது: 'சாம்பற்புதன், லெந்து ஆரம்பம். உப்பை விட்டாள்.'

"எதுக்கு விட்டாங்க?"

"என் வேலை நிரந்தரமாகணும்னு ஆண்டவருக்கு நேந்துக்கிட்ட பொருத்தனை, டாக்டர். நாற்பது நாள்."

"உப்பு கொறைஞ்சா, வெளியே போக வேண்டிய மருந்து ரத்தத்துலயே தங்கிடும். பார்த்துடலாம்."

இரத்தம் எடுத்தார். அதிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, தங்கக் குளோரைடு சில சொட்டு விட்டார். மருந்து தங்காதிருந்தால் மஞ்சளாக நிற்க வேண்டியது அடர்ந்த பழுப்பாயிற்று. மருந்தின் அளவு தெரிந்த மாதிரிக் குழாய்களின் அருகே வைத்துப் பார்த்தார்.

"பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்து மிஞ்சிப் போச்சு. இதை நிறுத்திட்டு வலிப்புக்கு வேற மாத்திரை தரேன். உப்பும் தண்ணியும் நிறைய குடுங்க."

அங்கேயே அழுதேன்.

வீட்டில் புதுச் சிக்கல். உப்புக் கஞ்சியைக் கண்டதும் எஸ்தர் வாயை மூடிக்கொண்டாள். "நேந்துக்கிட்டேன்" என்ற சொல் மட்டும் குழறாமல் வந்தது! சொல்லியனுப்பியதும் எங்கள் சபைப் போதகரான ஐயர் ஓடிவந்தார். "மிச்ச நாளுக்கு உனக்குப் பதிலா நான் உப்பில்லாம சாப்பிடுறேம்மா. ஆண்டவர் கேட்டா, என்னைக் கேக்கட்டும்." வெகு நேரம் யோசித்தாள். பிறகு குடித்தாள்.

அடுத்த சோதனையில் பழுப்பு வெளுத்தது. அதற்கடுத்ததில் கிட்டத்தட்ட மஞ்சள். ஈஸ்டர் ஆராதனையில் எஸ்தர் என் விலாவில் இடித்து, "ராகம் தப்பு, மெதுவா பாடுங்க" என்றாள். அதைவிட இனிய குரலை நான் கேட்டதில்லை. அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்ட ஐயர், ஊறுகாய் ஜாடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் நாங்கள் மாறிவிட்டோம். இப்போது டாக்டரைக் கேட்காமல் எஸ்தர் எந்த உபவாசமும் எடுப்பதில்லை. பிரியமானவர்களே, நீங்களும் தைரியமாக ஜெபியுங்கள். செய்துகொண்ட பொருத்தனையை வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். என் தேவன் ஒரு கண்ணாடிக் குழாயில் எனக்குப் பதில் தந்தார். உங்களுக்கும் தருவார்.