வால் சக்கரத்தின் நடுக்கம்

எங்கள் சிறு விமானம் தரையிறங்கி வேகம் குறையும்போது, வாலுக்கு அடியிலிருந்த சின்னச் சக்கரம் நடுங்கத் தொடங்கியிருந்தது. பெரிய கடைகளின் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் இடமும் வலமும் அடித்துக்கொள்ளுமே, அதைப் போன்ற நடுக்கம். இங்கே அது விமானத்தின் கூடு முழுவதும் ஏறி, பின்னிருக்கையில் இருந்த என் பற்கள் வரை வந்தது. இதைச் சரிசெய்யாமல் இனி மேலே போவதில்லை என்றார் என் கணவர்.

விமானப்படையில் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய இறுகிய தரையில், தகரக் கொட்டகை ஒன்றில் விமானத்தை வைத்திருந்தோம். அந்த ஆண்டு, எங்கள் வீடு இருந்த பொம்மையார்பாளையத்திலிருந்து அங்கே போகும் பழகிய சாலையிலேயே அவர் திருப்பங்களைத் தவறவிட்டார். சாப்பிட உட்காரும்போது கேட்ட கேள்வியையே, சாப்பாடு முடிவதற்குள் மறுபடி கேட்டார். வானத்தில் விமானத்தை ஓட்டும்போது மட்டும் எதையும் தவறவிடவில்லை. அதைச் சொல்லித்தான் நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பறந்தது போதும் என்று ஒருநாள் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது தெரியும். எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

காரணம் தேடுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சக்கரத்தின் காற்று. பிறகு அதைத் திருப்பும் சுருள்வில்கள், வாலைத் தாங்கும் பட்டைவில்லின் போல்ட்டுகள். அடுத்து, கொத்தனார்களின் தூக்குக்குண்டை என்னைப் பிடிக்கச் சொல்லி, சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தார். பட்டைவில் தளர்ந்துபோனால் அச்சின் தலை முன்பக்கம் சாயும், சக்கரம் ஆடும். அது சாயவில்லை. அவர் விரல்களில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, மறுபடியும் போய்ச் சக்கரத்தின் காற்றைப் பார்த்தார். உப்பள வேலை இல்லாத மாதங்களில் கொட்டகைக்குக் காவலராக இருந்த உப்பளத் தொழிலாளி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

கடைசியில் வாலை முக்காலியில் ஏற்றிச் சக்கரத்தின் தலைப்பகுதியைத் திறந்தோம். அதற்குள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் தட்டுகள் உண்டு. அவற்றின் உராய்வுதான் சக்கரத்தை ஆடவிடாமல் பிடித்துவைக்கிறது. அதனால் அவை உலர்ந்திருக்க வேண்டும். திறந்ததும் தட்டுகளின் இடுக்கிலிருந்து கிரீஸ் வெண்ணெயைப் போலப் பிதுங்கி வந்தது.

உப்புக்காற்று அடிக்கும் அந்தக் கரையில் இரும்பைக் கண்டால் கிரீஸ் தடவுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். சைக்கிள் செயின், கதவுக் கீல், உப்பளத்துப் பம்பு, எதையும் விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் இந்தத் தட்டுகளிடம் மட்டும் வரக்கூடாது என்று எங்களை எச்சரித்தவரே என் கணவர்தான்.

"ஏம்பா, இதுக்கு நடுவுல எவனாவது கிரீஸ் வைப்பானா?"

காவலர் தலையைச் சொறிந்தார். "நான் எதுக்கு சார் அதுல கை வெக்கப்போறேன்? நீங்கதான் வெச்சீங்க. நேத்தும் வெச்சீங்க. நம்ம பம்புக்கே இவ்ளோ வெக்கமாட்டோமேன்னு நான்கூடச் சிரிச்சேன்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "நெஜமாம்மா?"

"நேத்து சாப்பிட உக்காரும்போது உங்க கையில கிரீஸ் வாசனை அடிச்சுதுங்க."

அவர் உள்ளங்கைகளைப் பார்த்தபடி பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்தார். பிறகு மண்ணெண்ணெய் கேட்டார். தட்டுகளைக் கழுவினோம், துணியால் துடைத்தோம், வெயிலில் காயவைத்தோம். திரும்பப் பூட்டி, சக்கரம் கைக்குக் கொஞ்சம் இறுக்கம் கொடுக்கும் அளவுக்கு நட்டை முறுக்கினார்.

சோதித்துப் பார்க்கத் தனியாக ஏறினார். ஓடுதளத்தில் வேகமெடுத்தபோது வால் மேலே எழுந்தது. இன்னும் சற்று விசை கூட்டினால் பறந்துவிடுவார். கையிலிருந்த கந்தலைப் பிசைந்தபடி நின்றேன். இரைச்சல் தணிந்தது. வால் தரையைத் தொட்டது. சக்கரம் ஆடவே இல்லை. திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார்.

"சரியாயிடுச்சு. இனிமே வேற யாராவது ஓட்டட்டும்" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். நான் சொல்ல அஞ்சிய வார்த்தையை அவரே சொல்லிவிட்டார் என்று, வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குத் துயரத்தோடு ஓர் ஆறுதலும் இருந்தது.

மறுநாள் காலை குளித்து, வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வால் சக்கரம் ஆடுகிறது, இன்றைக்கு எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

நேற்றே அது சரியாகிவிட்டது என்றேன்.

"யார் பாத்தாங்க?"

"நீங்கதான்."

முகம் மலர்ந்தது. "அப்ப இன்னிக்கு மேல போலாமே" என்று சாவிக்காகக் கையை நீட்டினார்.