மார்த்தாளின் மரம் அறுக்கும் மெஷின்

என் பெண்சாதி மார்த்தாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முதலில் என்மேல்தான் எரிச்சல் வருகிறது. காவாந்தண்டலத்தில் இருபது வருஷம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மரம் அறுக்கும் மெஷின் ஒன்றை வாங்கினாள். வீட்டுத் தோட்டத்துக்கென்று விற்கிற சின்ன மெஷின்தான். அதை வைத்துக்கொண்டே ஏரிக்கரைக் கருவேலத்தையெல்லாம் கூலிக்குச் சாய்த்தாள். நடவுக்குப் போவதை விட்டாள். அந்த மெஷின் நின்றால் திரும்பவும் சேற்றில் குனிய வேண்டியதுதான்.

அதனால் அதை அப்படிப் பார்த்துக்கொண்டாள். தினமும் வேலை முடிந்ததும் செயினை அரத்தால் தீட்டுவாள். ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைப்பாள். பெட்ரோலில் ஆயிலை அளந்துதான் கலப்பாள். கார்ப்பரேட்டர் திருகை மயிரிழை திருப்பிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பாள். சோறு ஆறிப்போகும், எழுந்திருக்க மாட்டாள்.

போன மாதம் அடித்த காற்றில் வினோத்குமார் வீட்டு வேப்பமரம் வாசலில் விழுந்தது. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த நிலம் அவர்களுடையது. மார்த்தாள் உத்திரமேரூர் போயிருந்த நேரத்தில் வினோத்குமார் வந்து, “டேனியலு, மெஷினக் குடு” என்றான். கொடுத்தேன். மடையன்! அந்த வீட்டு ஆள் கேட்டால் என் கை தானாக நீளும். என் அப்பனுக்கும் அப்படித்தான் நீண்டது.

சாயந்திரம் செத்த மெஷினைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். மார்த்தாள் சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். பிஸ்டன் முழுக்கக் கீறல். டேங்கை மோந்து பார்த்தாள். பைக்குக்கு ஊற்றுகிற வெறும் பெட்ரோல், ஆயில் ஒரு சொட்டு இல்லை. வேகம் வேண்டுமென்று திருகையும் முறுக்கி வைத்திருக்கிறான்.

“சத்தம் ஏறுனா வேல ஏறும்னு நெனச்சிக்கினானா அந்தப் படுபாவி? நாளையிலேந்து புள்ளலூர்ல பத்து நாள் வேல ஒத்துக்கினு வந்துகீறேன்!” என்று கத்தினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “அவன் கேட்டான், சரி. நீ இன்னாத்துக்கு குடுத்த?”



மறுநாள் காலையில் புள்ளலூர்க்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். அரை மணி கழித்து வினோத்குமார் போன் செய்தான். “அதான் மெஷினு பூட்ச்சே. மார்த்தாள நடவுக்கு அனுப்பு.” மன்னிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் வைத்தேன்.

“நீ கெடுத்தத நீயே செஞ்சி குடு. இது ஓடுற வரைக்கும் எங்க வூட்லேந்து ஒருத்தரும் ஒன் வயல்ல கால் வெக்க மாட்டோம்.”

அவன் முறைத்தான். “எங்க நைனா உசுரோட இருந்தா இங்க நின்னு இப்பிடிப் பேசுவியாடா?”

“பேசியிருக்க மாட்டேன்” என்றேன். “அப்பவே பேசியிருக்கணும்.”