பறக்கும்போது எடுத்த படம்

அப்பாவுக்குப் படம் எடுக்கும் பைத்தியம் ஒரு காலண்டரால் பிடித்தது. எங்கள் பட்டாசுக் கம்பெனிச் சரக்கை வாங்கிக் கப்பலேற்றும் பம்பாய் வியாபாரி ஒருவர் அதை அனுப்பியிருந்தார். ஆப்பிரிக்காவில் அச்சடித்தது. சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி என்று மாதத்துக்கு ஒரு மிருகம். கடைசித் தாளில் மட்டும் ஒரு ஏரி, அதிலிருந்து ஒரே நேரத்தில் மேலெழும் ஆயிரக்கணக்கான ரோஜா நிறப் பறவைகள். அந்தத் தாளை அப்பா கம்பெனி அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். அதைப் போல ஒரு படத்தைத் தன் கையால் எடுத்து, அடுத்த சீசனுக்குப் புதுப் பட்டாசு லேபிளில் போட வேண்டும் என்பது அவர் ஆசை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினாறு. மதராஸில் கேமரா வாங்கிவந்த அப்பா, தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை மதியம் எங்களையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் புறப்பட்டார். அந்த ஊரில் நிலபுலன் வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் அவருக்குப் பழக்கம். ராத்தங்கல் அவர் வீட்டில்.

கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களில் கிளை தெரியாமல் பறவைகள். செங்கால் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருந்தன. சாயங்காலம் முழுக்க அப்பா கரையில் நின்று பார்த்தார். பறவைகள் ஒவ்வொன்றாகப் போயின, ஒவ்வொன்றாக வந்தன. ஒரு தடவைகூட எல்லாம் சேர்ந்து எழும்பவில்லை. அக்காவுக்கு அதுவே போதுமாயிருந்தது. தாய் நாரை வெயில் படாமல் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதை எனக்குக் காட்டினாள். அப்பா எரிச்சலோடு கேமராவை மூடினார். சம்சாரி வீட்டில் அன்று எங்களுக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டோம்.

காலையில் கரைக்குப் போனதும் அப்பா கார் டிக்கியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். எங்கள் கம்பெனி அணுகுண்டு. பார்த்ததும் சம்சாரிக்கு முகம் மாறிவிட்டது.

"வெடி வேண்டாம் அண்ணாச்சி. கூட்டுல குஞ்சு இருக்கு. தீவாளிக்குக்கூட நாங்க இங்கன போடுறதில்ல."

ஒரே ஒரு தடவைதான் என்றார் அப்பா. சம்சாரி மறுபடியும் கும்பிட்டுக் கேட்டார். அப்பா நான்கு குண்டுகளைக் கரையில் வரிசையாக வைத்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டதும் சாப்பாட்டுக் கூடைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கேமராவைப் பிடித்துக்கொண்டே அவரால் பற்றவைக்க முடியாது. ஊதுபத்தியை அக்காவிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அப்போதும் அவள் வாங்கவில்லை.

"நான் கொளுத்துறேம்ப்பா," என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

நான்கு திரிகளிலும் நெருப்பு வைத்துவிட்டு ஓடிவந்தேன். முதல் குண்டு வெடித்ததுமே மொத்தக் கண்மாயும் எழும்பியது. வானம் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகுதான் மரங்களுக்குக் கீழே தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. பயத்தில் கூட்டின் விளிம்புக்கு வந்த குஞ்சுகள் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. காக்காய்களும் பருந்துகளும் எங்கிருந்தோ வந்து, தாய் இல்லாத கூடுகளில் இறங்கின.

கை ஆடிவிட்டது, இன்னொரு தடவை என்றார் அப்பா. பறவைகள் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்தோம். மறுபடியும் கொளுத்தினேன். அதற்குப் பிறகு மூன்றாம் தடவையும். மரத்தடியில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ரோல் தீர்ந்ததும் அப்பாவுக்குப் பசித்தது. அம்மா புளியோதரையை இலையில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குஞ்சுகளைப் பொறுக்கி, சம்சாரி பிடித்திருந்த பனையோலைக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் உயிரில்லை. உயிரோடு இருந்தவை, தின்ற மீனைக் கக்கிவிட்டுக் கழுத்தை மடித்துக் கிடந்தன.

சம்சாரி கடகத்தோடு கரையேறினார்.

"இனிமே எங்க வீட்டுக்கு வராதீக, அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னார்.

காரில் வரும்போது அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாரைக்குப் போய் அந்த ஆளுக்கு எம்புட்டு ரோசம் பாரு என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஈரப் பாவாடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் காதருகே குனிந்தாள்.

"அப்பா தலையத் தடவுனா நீ எதையும் கொளுத்துவ," என்றாள்.

பன்னிரண்டு படங்களில் ஒன்று தேறியது. லேபிள் வரைபவர் அதைப் பார்த்து வரைந்து, கறுப்பு வெள்ளையில் இருந்த நாரைகளுக்கு ரோஜா நிறம் அடித்தார். அந்த லேபிள் ஒட்டிய சரவெடிக்கு நல்ல பெயர் கிடைத்தது.

மறு வருஷம் தை மாதம் அந்தக் கண்மாயில் பறவை இறங்கவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். கண்மாய்க்கா பஞ்சம் என்றார் அப்பா. சாத்தூர்ப் பக்கம் ஒன்றை விசாரித்து வைத்திருந்தார். புறப்படும்போது அக்கா வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். அடித்தும் அசையவில்லை. அவளுக்குத் துணையாக அம்மாவும் வீட்டில் இருந்துகொண்டாள்.

நான் மட்டும் போனேன்.